ஒரு கோப்பை சுதந்திரத் தேநீர்

இம்முறை நான் எழுத எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கணினி விளையாட்டைப் பற்றி. அரசியலையும் இலக்கியத்தையும் எதிர்பார்த்து இப்பக்கத்துக்கு வரும் வழக்கமான வாசகர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். அவை இரண்டும் போகிற வழியில் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். புத்தகத்துக்கும் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் விமர்சனம் எழுதுகிற நாம், நம் வீட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடக்கிற ஒன்றைப் பற்றி ஒரு பத்திகூட எழுதாமல் விடுவது முறையல்ல என்று நெடுநாளாகவே எண்ணியிருந்தேன்.

விளையாட்டின் பெயர் ஹெல்டைவர்ஸ். சுவீடனைச் சேர்ந்த அரோஹெட் என்னும் நிறுவனத்தின் படைப்பு. அந்நாட்டின் வடபகுதியில் படித்துக்கொண்டிருந்த மாணவர் சிலர் 2008 இல் தொடங்கிய நிறுவனம் அது. 2015 மார்ச்சில் பிளேஸ்டேஷன் கருவிகளுக்கும், அதே ஆண்டு டிசம்பரில் கணினிக்கும் இவ்விளையாட்டு வெளிவந்தது. பத்தாண்டுப் பழைய சரக்கைப் பற்றி இப்போது எழுதுகிறாரே என்று இளைஞர்கள் சிரிக்கலாம். மலையகத்துக்கு எதுவும் சற்றுத் தாமதித்துத்தான் வந்து சேரும் என்பதை அறிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

நான் இதை விளையாடியது நோட்டன் பிரிட்ஜில், அக்காவின் வீட்டில், தீபாவளி விடுமுறையின் மூன்று மழை இரவுகளில். கொழும்பில் கடையொன்றில் வேலை பார்க்கும் மூத்த மருமகன், பாவித்த கணினி ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். அவன், அவனுடைய தம்பி, தங்கை, நான் என நால்வர். ஒரே திரை. ஒருவருக்கு விசைப்பலகை, ஏனைய மூவருக்கும் கையில் பிடிக்கும் கொன்ட்ரோலர்கள். எனவே இங்கே நான் தருவது தேர்ந்த ஆட்டக்காரனின் மதிப்புரை அல்ல. ஐம்பதைக் கடந்த ஒருவனின் முதற்பார்வை மட்டுமே.

அறியாதவர்களுக்காக விளையாட்டின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலம் எதிர்காலம். மனிதகுலம் முழுவதும் 'மாபெரும் பூமி' என்ற ஒரே ஆட்சியின் கீழ் வாழ்கிறது. அந்த ஆட்சி விண்வெளியில் மூன்று எதிரிகளோடு போர் புரிகிறது. நாம் அதன் சிப்பாய்கள். விண்கலத்திலிருந்து ஓர் இரும்புக் கூட்டுக்குள் வைத்து ஏதோவொரு கிரகத்தின்மீது நம்மை எறிகிறார்கள். இட்ட பணியை முடித்துவிட்டு, மீட்க வரும் ஓடம் இறங்கும் இடத்துக்குப் போய், அது வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

காட்சி முழுவதும் மேலிருந்து கீழே பார்ப்பதாக அமைந்திருக்கிறது. கரம் பலகையைச் சுற்றி நால்வர் அமர்ந்து குனிந்து பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதே கோணம்தான். இந்தக் கோணத்தில் ஒரு விசேடம் உண்டு. துப்பாக்கியின் பின்னே நின்று சிப்பாயின் கண்ணால் பார்க்கும் விளையாட்டுகளில் ஒவ்வொருவருக்கும் அவரவர் காட்சி தனித்தனியே உண்டு. தோழன் எங்கே போனான் என்றுகூடத் தெரியாமல் போகலாம். இங்கே நால்வருக்கும் ஒரே காட்சி. திரையின் விளிம்புதான் வேலி. ஒருவன் மட்டும் முன்னே ஓடிவிட முடியாது. ஒருவன் பின்தங்கினால் மற்றவர்களும் நின்றுதான் ஆகவேண்டும். உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து இணையத்தின் வழியே சேர்ந்து விளையாடினாலும் இதே விதிதான்.

தொண்ணூறுகளில் தொலைக்காட்சிப் பெட்டியில் பொருத்தி விளையாடும் மலிவான கருவிகள் நம் நகரங்களுக்கு வந்தது நினைவிருக்கும். அவற்றில் 'கொன்ட்ரா' என்றொரு விளையாட்டு இருந்தது. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1987 இல் வெளியிட்டது. அதுவும் எதிர்காலப் போர்தான். அதிலும் இருவர் சேர்ந்து சுடலாம். ஆனால் ஒருவன் சுடும் குண்டு மற்றவனின் உடலைக் காற்றைப்போல் ஊடுருவிப் போகும். அவனுக்கு ஒன்றும் ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் தோழன் பிழைத்துக்கொள்வான். பெரும்பாலான கூட்டு விளையாட்டுகள் நெடுங்காலம் இந்த வசதியான பொய்யின்மீதே கட்டப்பட்டிருந்தன.

ஹெல்டைவர்ஸ் அந்தப் பொய்யைச் சொல்ல மறுக்கிறது. இதில் நம் குண்டு நம் தோழனையும் கொல்லும். இதை நிறுத்திவைக்க எந்த வசதியும் இல்லை. தோழன் குறுக்கே ஓடினால் விழுவான். நாம் நட்டுவைக்கும் தானியங்கித் துப்பாக்கி எதிரியை நோக்கித் திரும்பும்போது நடுவில் நிற்பது யாரென்று பார்க்காது. வானிலிருந்து வரவழைக்கும் ஆயுதப் பெட்டி தலையில் விழுந்தால் அதற்கும் சாவுதான். இறந்தவனுக்குப் பதிலாக வந்திறங்கும் கூடுகூடக் கீழே நிற்பவனை நசுக்கிவிடக்கூடும். இதே நிறுவனம் 2011 இல் வெளியிட்ட 'மஜிக்கா'விலும் இந்த விதி இருந்ததாம். அங்கே மந்திரம், இங்கே துப்பாக்கி.

முதல் இரவின் முதல் அரைமணி நேரத்தில் நான் ஏழெட்டு முறை இறந்தேன். அவற்றில் எதிரியின் கையால் நிகழ்ந்தவை இரண்டோ மூன்றோதான். "சாரி மாமா, அது நான்தான்," என்று இளையவன் ஒவ்வொரு தடவையும் பணிவோடு அறிவித்தான். அக்கா அடுப்படியிலிருந்து, "பெரியவங்களைச் சுடுறதுக்கு வேற ஆள் கிடைக்கலையா?" என்று கேட்டார். ஆனால் இரண்டாவது இரவுக்குள் அறையின் பேச்சே மாறிவிட்டது. "மாமா, படுங்க!" என்று முன்னறிவித்த பிறகே சுட்டார்கள். தரையில் படுத்துக்கொண்டால் தோழனின் குண்டு தலைக்கு மேலாகப் போய்விடும். "வலப்பக்கம் நான் பார்க்கிறேன்," "குண்டு தீர்ந்துபோச்சு, கொஞ்சம் நில்லுங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வீட்டில் ஒரு வேலை சொன்னால் மூன்று பேரும் மூன்று திசையில் மறைகிறவர்கள் என்று அக்கா குறைப்பட்டுக்கொள்ளும் அதே பிள்ளைகள்தான் இவர்கள்.

குண்டுக்கூட்டை மாற்றுவதிலும் ஒரு கண்டிப்பு இருக்கிறது. பாதி தீர்ந்த கூட்டைக் கழற்றினால் மீதிக் குண்டுகளும் அதோடு போய்விடும். பதற்றத்தில் அடிக்கடி மாற்றுகிறவன் விரைவில் வெறுங்கையோடு நிற்பான். அப்போது அவன் தோழர்களை நம்பித்தான் ஓடவேண்டும். மேலேயிருந்து இறக்கப்படும் குண்டுப் பெட்டியை ஒருவனே அள்ளிக்கொண்டால் அடுத்த நெருக்கடியில் மற்ற மூவரும் விழுவார்கள். அள்ளியவன் நாலாவதாக விழுவான்.

என்னை உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு விதி. ஒருவன் இறந்தால் அவனுக்குப் பதிலாள் வரவேண்டுமானால் உயிரோடிருக்கும் ஒருவன் அதற்கென்று உள்ள குறியீட்டை அழுத்த வேண்டும். மேல், கீழ், வலம், இடம், மேல். ஐந்து அம்புக்குறிகள். எதிரிகள் சூழ்ந்து வரும்போது, ஓடிக்கொண்டே, ஒன்றும் பிசகாமல் அழுத்த வேண்டும். நால்வரும் ஒருசேர இறந்தால்தான் தோல்வி. ஒரே ஒருவன் எஞ்சியிருந்தாலும் மற்ற மூவருக்கும் வழி உண்டு. ஆகவே கடைசியாக எஞ்சியவனின் கடமை வீரமாகப் போரிடுவதல்ல. ஓடுவது, ஒளிவது, எப்படியாவது அந்த ஐந்து குறிகளை அழுத்தி மற்றவர்களை வரவழைப்பது.

கொன்ட்ராவிலும் ஒரு இரகசியக் குறியீடு இருந்தது என்பது அக்காலத்துப் பையன்களுக்கு மறக்காது. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம் என்று தொடங்கும். அழுத்தினால் நமக்கு 30 உயிர்கள் கிடைக்கும். அது தனக்கு உயிர் சேர்த்துக்கொள்ளும் மந்திரம். இது விழுந்தவனுக்காக அழுத்துவது. ஏறத்தாழ 30 ஆண்டுகளில் ஒரு கேளிக்கைத் தொழில் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொரு களமும் முடிந்த பிறகு ஒரு பட்டியல் வருகிறது. எத்தனை எதிரிகளை வீழ்த்தினீர்கள், எத்தனை முறை இறந்தீர்கள் என்பவற்றோடு, 'தற்செயல்' என்ற தலைப்பில் எத்தனை தோழர்களைக் கொன்றீர்கள் என்றும் அதில் இருக்கும். வீரத்தின் கணக்குக்குப் பக்கத்திலேயே இந்தக் கணக்கையும் எழுதிவைத்திருக்கிறார்கள். 1983 முதல் 2009 வரை போர் நடந்த நாடு நம்முடையது. அதில் ஈடுபட்ட எந்தத் தரப்பும் இப்படியொரு பட்டியலைத் தானாக முன்வந்து மக்கள் முன் வைத்ததை நான் என் தொழில் வாழ்வில் பார்த்ததில்லை. அந்தப் பட்டியல் திரையில் வந்தபோது பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்து சிரித்தார்கள். நான் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அரசியலுக்கு வருவோம்.

இந்த 'மாபெரும் பூமி'யின் ஆட்சிமுறைக்கு 'நிர்வகிக்கப்படும் ஜனநாயகம்' என்று பெயர். தேர்தல் நடக்கும், ஆனால் குடிமகன் வேட்பாளரைத் தெரிவு செய்வதில்லை. அவனிடம் சில கேள்விகளைக் கேட்டு, அவனுக்கு ஏற்ற வேட்பாளர் யார் என்பதைக் கணினியே தீர்மானித்து, அவன் சார்பில் வாக்கையும் போட்டுவிடும். சிப்பாய்கள் எதற்கெடுத்தாலும் ஜனநாயகம், சுதந்திரம் என்று முழங்கிக்கொண்டே சுடுகிறார்கள். சுதந்திரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கடைசி அசை தேநீரைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிப்பதால், 'ஒரு கோப்பை சுதந்திரத் தேநீர் அருந்துகிறாயா?' என்ற பொருளில் எதிரியைப் பார்த்துக் கத்துவது இந்தத் தொடரின் சிப்பாய்களுக்குப் பழக்கமான நகைச்சுவை.

சுவீடனில் இருந்துகொண்டு அந்தச் சிலேடையை எழுதியவர் அது நோட்டன் பிரிட்ஜில் எப்படி ஒலிக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார். வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்தது தேயிலை மலை. இந்த நாட்டுக்கு 1948 பெப்ரவரி 4 ஆம் திகதி சுதந்திரம் கிடைத்தது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களது வாக்கையும் பறித்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அவர்கள். 1964 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, யார் இங்கே இருப்பது, யார் கப்பலேறுவது என்பதை அம்மக்களைக் கேட்காமலே எண்ணிக்கையாகப் பிரித்துக்கொண்டார்கள். எஞ்சியோரின் நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது.

குடிமகனைக் கேட்காமல் அவன் சார்பில் முடிவெடுக்கும் ஜனநாயகம் என்பது மற்ற நாட்டு ஆட்டக்காரர்களுக்கு எதிர்காலத்தைப் பற்றிய நையாண்டியாக இருக்கலாம். என் பாட்டனாருக்கு அது கடந்தகாலம். அந்தச் சிலேடையைக் கேட்டு முதலில் சிரித்தேன். பிறகு இளையவர்களுக்கு 1948 ஐப் பற்றிச் சொன்னேன். மூத்தவனுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. மற்ற இருவரும் பாடசாலையில் அதைத் தேர்வுக்கு வரும் ஓர் ஆண்டாக மட்டும் மனப்பாடம் செய்திருந்தார்கள்.

எதிரிகள் மூன்று வகை என்றேன். ஒன்று, பூச்சிகள். மற்றொன்று, தொழில்நுட்பத்தில் நம்மை விஞ்சிய ஓர் அயல் இனம். பேரழிவு ஆயுதங்கள் அவர்களிடம் இருப்பதாகச் சொல்லித்தான் அவர்கள்மீது போர் தொடுக்கப்படுகிறது. 2003 இல் ஈராக்கின்மீது படையெடுத்தபோது சொல்லப்பட்ட காரணமும், அந்த ஆயுதங்கள் கடைசிவரை கண்டெடுக்கப்படாததும் நினைவில் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது வகையினர் பாதி மனிதரும் பாதி இயந்திரமுமானவர்கள். கதையின்படி இவர்களும் மனிதகுலத்திலிருந்து வந்தவர்களே. மாபெரும் பூமியின் ஆட்சியை ஏற்காமல் பிரிந்து போனவர்கள்.

இவர்களோடு போரிட்ட இரண்டாம் இரவில்தான் இளையவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். "மாமா, பூச்சி கடிக்குது, சுடுறோம். இவங்க என்ன செஞ்சாங்க?"

மூத்தவன் திரையிலிருந்த ஆங்கில அறிவிப்பை வாசித்துச் சொன்னான். "பயங்கரவாதிங்கன்னு போட்டிருக்கு."

"யார் போட்டது?"

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த அலை வந்துவிட்டது, சுட வேண்டியிருந்தது. ஆனால் ஒரு பதினேழு வயதுப் பையனின் வாயிலிருந்து அந்த இரண்டாவது கேள்வி வந்ததைக் கேட்க நான் கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் பயணம் செய்தது தகும். அந்தச் சொல் ஒருவர்மீது ஒட்டப்பட்டுவிட்டால் அதன்பின் அவரைப் பற்றி வேறு எதுவும் விசாரிக்கப்படுவதில்லை என்பதை எங்கள் தலைமுறை 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கற்றுக்கொண்டது. கொழும்பில் வேலை தேடிவந்த மலையக இளைஞர்கள் அடையாள அட்டையிலுள்ள பெயருக்காகவே சோதனைச் சாவடிகளில் இறக்கி நிறுத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. மருமகன்மாருக்கு அது தெரியாது. தெரியாமலிருப்பது அவர்களுடைய நல்லூழ். ஆனால் எப்போதும் தெரியாமலே இருந்துவிடக்கூடாது.

இங்கேதான் இவ்விளையாட்டின் மிகப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. நையாண்டி என்பது கேட்பவன் அதை நையாண்டி என்று புரிந்துகொண்டால் மட்டுமே நையாண்டி. போல் வெர்ஹோவன் 1997 இல் எடுத்த 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' என்ற படத்தின் வழித்தோன்றல் இது என்பதைப் படம் பார்த்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். இராணுவவெறியைக் கேலி செய்யும் அந்தப் படத்தை, இராணுவவெறியைப் போற்றும் படம் என்று கருதித் தாக்கிய விமர்சகர்கள் அன்று பலர் இருந்தார்கள். படித்த விமர்சகர்களுக்கே அப்படியென்றால், ஆங்கில முழக்கங்களை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு விளையாடும் பிள்ளைக்கு என்ன போய்ச் சேரும்? சீருடையும் கொடியும் முழக்கமும் மட்டும் மனத்தில் தங்கிவிட்டால்?

ஆகவே என் கருத்தை இவ்வாறு வகுத்துக்கொள்கிறேன். இந்த விளையாட்டின் விதிகள் நேர்மையானவை. அதன் முழக்கங்கள் வேண்டுமென்றே பொய்யானவை. விதிகளைப் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்கிறார்கள். தோழனைப் பார்த்துச் சுடு, குண்டைப் பங்கிடு, விழுந்தவனை வரவழை. இவை விரல்களின் வழியே உள்ளே போய்விடுகின்றன. ஆனால் முழக்கம் பொய் என்பதை விரல்கள் சொல்லித்தருவதில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும். வரலாறு தெரிந்த ஒரு மாமாவோ அத்தையோ தாத்தாவோ அந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நம்மிடையே பெரியவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. "எந்நேரமும் கேம்தானா?" என்று அதட்டி மின்சாரத்தை நிறுத்துவது, அல்லது பிள்ளை வீட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் இருக்கிறதே என்று நிம்மதியோடு கதவைச் சாத்திவிடுவது. இரண்டிலும் பிள்ளை அந்த முழக்கங்களோடு தனியே விடப்படுகிறது.

மறுதரப்பு வாதங்களை நான் ஒதுக்கிவிடவில்லை. இது இரத்தம் தெறிக்கும் விளையாட்டு. சிறு பிள்ளைகளுக்கு உரியதல்ல. வளரிளம் பருவத்தினருக்கும் வயதறிந்தே கொடுக்க வேண்டும். இறந்தவனுக்குப் பதிலாக இன்னொருவன் வந்து விழுந்துகொண்டேயிருக்கிறான். யாரும் யாருக்காகவும் துக்கம் கொண்டாடுவதில்லை. படைத்தவர்கள் இதையும் நையாண்டியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் மகனைப் போருக்குக் கொடுத்த ஒரு தாய் இந்தத் திரையின் முன் அமர்ந்தால் அவருக்கு அது விளங்க வேண்டிய அவசியமில்லை. பொதுமக்களோ, அவ்வப்போது அழைத்துச் சென்று சேர்க்க வேண்டிய உருப்படிகளாக மட்டுமே தலைகாட்டுகிறார்கள். போரின் பெருஞ்சுமையைத் தாங்குகிறவர்கள் அவர்கள்தாம் என்பதை இவ்விளையாட்டு கண்டுகொள்ளவில்லை. பத்துப் பதினைந்து களங்களுக்குப் பிறகு பணிகள் ஒன்றுபோல் இருப்பதும் ஒரு குறையே. எழுத்துகள் மிகச் சிறியவை, மூக்குக்கண்ணாடியோடும் சிரமப்பட்டேன்.

பணமும் ஒரு கேள்விதான். கணினிப் பதிப்பு வெளிவந்தபோது இதன் விலை 20 டொலர். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 6,000 ரூபா. 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபா. அதாவது நாலரை நாள் கொழுந்துக் கூடையைச் சுமந்தால் ஒரு விளையாட்டு. அவ்வப்போது நடக்கும் மலிவு விற்பனையில் மூத்தவன் இதை மிகக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தான். என்றாலும் அக்கா அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்.

தூரத்திலிருந்து முடிவெடுப்பவர்களின் கதை இன்னொன்றும் இருக்கிறது. இதன் இரண்டாம் பாகம் 2024 பெப்ரவரியில் வெளிவந்து உலகெங்கும் பெரும் வரவேற்பைப் பெற்றது. அது மேலிருந்து பார்க்கும் விளையாட்டல்ல. சிப்பாயின் முதுகுக்குப் பின்னிருந்து பார்ப்பது. அதிலும், முதற்பாகத்தைப் போலவே, உலகின் எல்லா ஆட்டக்காரர்களின் வெற்றி தோல்விகளும் ஒரே பெரும்போரின் கணக்கில் சேர்கின்றன. கணினியில் விளையாடுவோரும் பிளேஸ்டேஷன் கணக்கு ஒன்றை இணைத்தே ஆகவேண்டும் என்று 2024 மே மாதத்தின் தொடக்கத்தில் வெளியீட்டாளரான சோனி நிறுவனம் அறிவித்தது. அந்தச் சேவை அதிகாரபூர்வமாக இல்லாத நாடுகளும் ஆட்புலங்களுமாக 177 இடங்களில் விளையாட்டின் விற்பனை நிறுத்தப்பட்டது. பிளேஸ்டேஷன் சேவை இல்லாத அந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

அப்போது நடந்தது சுவையானது. சேவை உள்ள நாடுகளின் ஆட்டக்காரர்கள், தங்களுக்கு ஓர் இழப்பும் இல்லாதவர்கள்கூட, எதிர்த்து எழுதினார்கள். சில நாட்களுக்குள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர் விமர்சனங்கள் குவிந்தன. மே 6 ஆம் திகதி அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. ஆனால் விற்பனைத் தடை அதன்பின்னும் பல மாதங்கள் நீடித்தது. மனிதகுலம் முழுவதும் ஒன்றுபட்டுப் போரிடும் விளையாட்டு. அதில் மனிதகுலம் எது என்பதை ஒரு நிறுவனத்தின் சேவைப் பட்டியல் தீர்மானித்தது.

நோட்டன் பிரிட்ஜுக்கு இது புதிய அனுபவமல்ல. நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918 இலேயே எடுத்துரைத்த பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயரைத் தாங்கிய மின்நிலையம் இங்கேதான் இருக்கிறது. காசல்ரீயில் தேங்கும் நீர் அதன் வழியே நோட்டன் நீர்த்தேக்கத்துக்கு வந்து, அங்கிருந்து இலக்சபானாவுக்கு இறங்குகிறது. 1950 முதல் இம்மலைகளின் தண்ணீர் நாட்டுக்கு வெளிச்சம் தந்துகொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் இறங்கிவரும் மலைகளிலுள்ள லயங்களில் அதன்பின்னும் பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. நான் பேராதனைக்குப் போகும்வரை படித்ததும் அந்த விளக்கில்தான். தமது தெருவில் விளக்கு எரிகிறவர் பக்கத்துத் தெருவின் இருட்டுக்காகக் குரல் கொடுப்பது அபூர்வம். அந்த ஆட்டக்காரர்கள் அதைச் செய்தார்கள். தோழன் விழுந்தால் ஓடிப்போய் ஐந்து குறிகளை அழுத்து என்று பழகிய விரல்கள்தாம் அந்தக் கடிதங்களையும் எழுதின என்று நான் எண்ணிக்கொள்கிறேன். மிகையாகவும் இருக்கலாம்.

விளையாட்டு எப்படி என்று ஒரே வரியில் கேட்டால் சொல்லிவிடுகிறேன்: நன்றாக இருக்கிறது, தனியே விளையாடாதீர்கள். டொரொன்டோவிலும் இலண்டனிலும் சிங்கப்பூரிலும் இருந்து ஊரிலுள்ள பிள்ளைகளுக்குக் கணினி வாங்கி அனுப்பும் வாசகர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் விளையாடும் பிள்ளைகள் இருப்பார்கள். ஓர் இரவு அவர்கள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு அமருங்கள். ஒரு கொன்ட்ரோலரைக் கேட்டு வாங்குங்கள். சில முறை அவர்கள் கையால் இறந்துபோங்கள். அதற்குப் பிறகு உங்களிடம் அவர்கள் பேசும் விதமே வேறாக இருக்கும். சமயம் பார்த்து, திரையில் தெரிகிற எதிரியை எதிரி என்று சொன்னது யார் என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்பதை எனக்கும் எழுதியனுப்புங்கள். நோட்டன் பிரிட்ஜில் ஒருவன் அந்தக் கேள்விக்கு இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறான்.